கழுதைக்கும் பெயர் கேட்டவள்

துபாயில் அந்த வீட்டுக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள் காலை, கேட்டைத் திறந்துவிட்ட அக்கா என் பையை வாங்கிக்கொண்டே, "தங்கச்சி, பேரு என்னா?" என்று கேட்டாள். சொன்னேன். அதோடு விடவில்லை. அம்மா பேரு, அப்பா பேரு, கூடப் பிறந்தவர்கள் பேரு, கராமாவில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த மூன்று பெண்களின் பேரு. ஏழரை மணிக்கே வெயில் கண்ணைக் கூசவைத்தது. நர்ஸ் சீருடையில் வாசலில் நின்றுகொண்டு, ரேஷன் கார்டுக்கு விவரம் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எரிச்சலாக இருந்தது. வீட்டு வேலைக்கு இருப்பவர்களிடம் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று ஏஜென்சியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

மூன்று வாரம் போயிருக்கும். நான் பார்த்துக்கொள்ள வந்த வீட்டுப் பெரியவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது தேநீர்த் தட்டோடு வந்த அக்கா, "இன்னைக்குத்தானே அஜினுக்குப் பரீச்ச? நல்லா எழுதியிருப்பான், நீ பயப்புடாத" என்றாள். அஜின் என் தம்பி. மார்த்தாண்டத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். பரீட்சை விஷயத்தை நான் அவளிடம் சொல்லவேயில்லை. அம்மாவோடு போனில் பேசியது காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான், அஜின் அவளுக்கும் தம்பியாகிவிட்டான்.

அக்கா இலங்கை மலையகத்துக்காரி. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான உருவம். நடக்கும்போது எப்போதும் மேட்டில் ஏறுவதுபோல் உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்வாள், அந்த வீடு இருந்த ஜுமைராவின் சமதரையிலும் அப்படித்தான். ஆளைப் பார்த்தால் முதலில் பெயர் கேட்பாள். குப்பை லாரியில் தொங்கிக்கொண்டு வரும் வங்காளப் பையன்களை, தண்ணீர்க் கேன் போடும் பட்டாணியரை, எதிர்வீட்டு எத்தியோப்பியப் பெண்ணை, எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "அந்த ஆளு வந்துட்டுப் போனான்" என்று நான் சொன்னால், "அந்த ஆளுன்னா? ஆளுக்குப் பேரு இல்லையா?" என்பாள். சண்டைக்குக் கேட்பது இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள்.

அவளுடைய பெயரை மட்டும் நான் இங்கே எழுதப்போவதில்லை. பாஸ்போர்ட்டில் இருந்தது வேறு யாரோ ஒருத்தியின் பெயர். வெளிநாட்டு வேலைக்கு வயது போதாத காலத்தில் கொழும்பு ஏஜெண்ட் ஒருவர் ஏற்பாடு செய்துகொடுத்தது. உண்மைப் பெயரை என்னிடம் சொன்னாள். வெளியே சொல்லாதே என்றும் சொன்னாள்.

முதலில் போனது குவைத்துக்கு. அந்த வீட்டில் அவளுக்கு முன்பு வேலை செய்த பெண்ணின் பெயர் ரோஸ். போன அன்றே இவளையும் ரோஸ் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். புதுப் பெயர் பழகுவதற்கு அவர்களுக்குச் சோம்பல்.

"நாலு வருசம் தங்கச்சி. மொத ரெண்டு மாசம் திரும்பிப் பாக்க மாட்டேன். அடிதான் விழும். அப்பறம் திரும்பிப் பாக்கப் பழகிட்டேன். ஊருக்குப் போயி பஸ்ல இருந்து எறங்குறேன், எங்க அம்மா கூப்புடுறாங்க, எனக்கு ஒறைக்கவே இல்ல. யாரையோ கூப்புடுறாங்கன்னு பேசாம நிக்குறேன். அம்மா அழுதுட்டாங்க."

இதை அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான்தான் கையில் வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்ன மறந்து நின்றேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கோடை மாதங்களில் மதிய இடைவேளையின்போது அங்கு வேலை செய்பவர்கள் எங்கள் பின்சுவர் நிழலுக்கு வந்து படுப்பார்கள். அக்கா பின்கேட் வழியாக ஐஸ் தண்ணீர் கொடுப்பாள். ஒரு நாள் பத்து மணிக்குச் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு நான் முதலுதவிப் பையோடு ஓடினேன். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் பெயர் கேட்டார். ஃபோர்மேனுக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்னார். நேற்றுதான் வேறு சைட்டிலிருந்து வந்த ஆள், பேப்பர் எல்லாம் கேம்பில் இருக்கிறது என்றார். எனக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற அக்கா, "செல்வராசு. ஜெயங்கொண்டம் பக்கம். அண்ணன் பேரு மணிவேலு, அஜ்மான்ல ஒரு லாண்டரில இருக்காரு" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஃபோர்மேன் இந்தியில் கேட்டார்.

"நேத்து தண்ணி குடிக்க வந்தாரே!" என்றாள் அக்கா. தண்ணீர் குடிக்க வந்த ஆளின் அண்ணன் பெயர் தெரியாமல் இருந்தால்தான் அதிசயம் என்பதுபோல. அன்று சாயங்காலத்துக்குள் அந்த அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டார். செல்வராசு பிழைத்து, கால் ஊன்றி ஊருக்குப் போனார்.

இப்படிப்பட்ட ஒருத்தி அந்த வீட்டில் வந்து மாட்டியதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அது ஒரு யூத வீடு. கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவப் பெண்ணான நான் யூதர்களைப் பைபிளில் மட்டுமே பார்த்திருந்தேன். பெரியவருக்குத் தொண்ணூறு வயது. மகளுக்கு அறுபது இருக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இன்ஜினியர், லண்டனிலிருந்து வந்து பல வருடமாகத் துபாயில் வேலை. பெயர் லேயா. நாங்கள் மேடம் என்போம். அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தன்னோடு கூட்டிவந்துவிட்டார். கடல் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று பெரியவர் கேட்டதால் ஜுமைராவில் அந்த வீடு.

தினமும் நாலு மணிக்கு, தேநீர் நேரத்தில், பெரியவர் டிவியில் ஒரு படம் பார்ப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. அன்று சாயங்காலம் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும், மேடம் மெழுகுவர்த்தி ஏற்றுவார். மற்ற எல்லா நாளும் அதே படம்தான். கருப்பு வெள்ளை, சத்தம் கிடையாது, அரை மணி நேரம் ஓடும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், பெல்ஜியம் நாட்டுக் கடற்கரைக்கு அவர்கள் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் விடுமுறைக்குப் போனபோது அவருடைய மாமா எடுத்தது. மாமா பல் டாக்டர், கேமரா பைத்தியம். பழைய ஃபிலிம் சுருள்களை மேடம்தான் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தார்.

நம் ஊர்க் கடற்கரை மாதிரி இல்லை அது. காற்று அடித்துத் தள்ளுகிறது. ஆண்கள் மணலில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். பிள்ளைகள் மணலில் கடை போட்டுக் காகிதப் பூ விற்கிறார்கள். அதற்கு விலை காசு இல்லை, கிளிஞ்சல். ஒரு கழுதை பிள்ளைகளைச் சுமந்துகொண்டு அலுத்துப்போய் வருகிறது. மணலில் ஒரு மனிதனின் நீண்ட நிழல் விழுகிறது, கேமராவைப் பிடித்திருப்பவருடையது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர்களில் போருக்குப் பிறகு உயிரோடு இருந்தது இரண்டே பேர். படம் எடுத்த மாமாவும் அப்போது சிறுவனாக இருந்த பெரியவரும். ஜெர்மானியர் நாட்டுக்குள் வந்த வாரம் மாமா அவரை மட்டும் ஒரு படகில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மா அடுத்த படகில் வருவதாக ஏற்பாடு. அடுத்த படகு கிடைக்கவில்லை.

மேடம் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. சின்ன வயதில் அவர் அறைக்குள் வந்தால் அப்பா புரொஜெக்டரை அணைத்துவிடுவாராம். யார் இவர்கள் என்று கேட்டால் சொந்தக்காரர்கள் என்று ஒரே வார்த்தை. கேட்கக் கூடாத விஷயம் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அறுபது வயதிலும் நாலு மணிக்கு வீட்டில் இருக்க நேர்ந்தால் மாடிக்குப் போய்விடுவார்.

அக்காவுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தேநீர் வைக்கப் போனவள் சோபாவுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு பெண் மடக்கு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். "அவங்களுக்குக் குளிருதே, ஒரு சால்வ குடுக்க யாருமில்லையா?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள்.

பெரியவர் திரும்பி அவளைப் பார்த்தாராம். "அவள் என் அத்தை. அவளுக்கு எப்போதும் குளிரும்" என்றாராம்.

"பேரு என்னா?"

"எஸ்தர்."

எனக்கும் எஸ்தர் என்று ஓர் அத்தை உண்டு, வில்லுக்குறியில் தையல் வகுப்பு நடத்துகிறாள். அக்கா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மற்ற பெயர்களும் வந்தன. மாமா சாமுவேல், அம்மா ராகேல், அப்பா மோசே. ஞாயிறு பள்ளியில் நான் படித்த அத்தனை பேரும் நீச்சலுடை போட்டுக்கொண்டு கடலில் குதித்தார்கள்.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். நான் வேலைக்குப் போனபோது அது நாலைந்து வருடப் பழக்கமாகியிருந்தது. ரிமோட் அக்கா கையில் இருக்கும். முன்னால் நிற்பவர்கள் எல்லாம் முடிந்து, பின்னால் நிற்பவர்களுக்குப் போய்விட்டிருந்தாள். ஓரத்தில் முதுகைக் காட்டி நடந்துபோகும் ஒருவரிடம் படத்தை நிறுத்துவாள். "இது?" பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பார். சில நாள் சொல்வார். சில நாள் நாளைக்கு என்பார். கழுதையையும் விடவில்லை. கழுதையின் பெயர் பீட்.

ஒருமுறை நான் பொறுக்காமல், "எக்கா, ஒங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? செத்துப்போனவங்கள எதுக்குத் தோண்டித் தோண்டிக் கேக்கீங்க? வயசான மனுசன், பிரஷர் ஏறிப்போச்சுன்னா நாந்தான் பதில் சொல்லணும்" என்றேன்.

"தோண்டலியே தங்கச்சி. அந்தா நிக்குறாங்க. கண்ணு முன்னால நிக்குற ஆளுகிட்டப் பேரு கேக்காம எப்புடிப் போறது?"

பிரஷர் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் நாலு மணிக்குப் பிறகு எடுத்தால் எப்போதும் குறைந்துதான் இருந்தது. குறிப்பேட்டில் நானே எழுதினேன்.

படத்தில் ஓர் இடத்தில் வெள்ளை ஏப்ரன் கட்டிய இளம்பெண் ஒருத்தி, கையில் துண்டோடு ஓரமாக நிற்பாள். குடும்பத்தில் ஒருத்தி இல்லை, வேலைக்காரப் பெண். மூன்று நான்கு நொடிதான். அக்கா அங்கே வந்தால் தினமும் நிறுத்துவாள். பெரியவருக்குப் பெயர் நினைவில்லை. "அவள் எங்கள் வீட்டில் வேலை செய்தாள், எனக்குத் தலை துவட்டிவிடுவாள்" என்பார். "தல தொவட்டுனவ பேரு தெரியலையா தாத்தா?" என்பாள் அக்கா. அதட்டல் கிடையாது. ஆனாலும் அவர் முகம் சிவந்துவிடும். இரண்டு மாதம் இப்படியே போனது. எனக்கே பாவமாக இருந்தது. ஒரு நாள் நான் அவரைக் குளிக்கவைத்து, அக்கா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, துண்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"கோடலீவ்."

துண்டை விலக்கினோம். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கோடலீவ், கோடலீவ் என்று நாலைந்து முறை சொன்னார். அக்கா தானும் அதைச் சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் வரும்வரை அவரையே திருத்தச் சொன்னாள். பிறகு, "எந்த ஊரு?" என்றாள்.

அக்கா இதில் ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பாத்திரம் கழுவும்போது அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஜெபம் சொல்கிறாளாக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் போய்க் கேட்டேன். சாமுவேல், எஸ்தர், ராகேல், மோசே என்று வரிசையாகப் போனது.

"காலைல பெரட்டுக்களத்துல நிக்கவச்சுப் பேரு கூப்புடுவாங்கல்ல எங்க தோட்டத்துல, அந்த மாதிரி" என்றாள். "தெனம் ஒரு தடவ கூப்புட்டுட்டா யாரும் தொலஞ்சு போக மாட்டாங்க."

பெரியவருக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வலக்கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு கூடத்தை ஒட்டிய அறையில் கட்டிலைப் போட்டோம். படம் பார்க்க விருப்பமா என்று அக்கா பென்டிரைவைக் காட்டிக் கேட்டாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அதற்குப் பிறகு இருந்தது நாலு மாதம். போன பிறகு நான் தம்மாமில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாறினேன், அக்கா ஊருக்குத் திரும்பினாள். இப்போதும் போனில் பேசிக்கொள்கிறோம். ஆனால் நான் சொல்லவேண்டியது அந்த நாலு மாதத்துக்குள் நடந்த ஒரு நாளைப் பற்றி.

பெல்ஜியத்தில் பழைய குடும்பப் படங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து மேடத்துக்குக் கடிதம் வந்திருந்தது. ஏற்கெனவே படத்தின் நகலை அனுப்பியிருந்தார். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுத அன்று காலை ஒரு பெண் வீடியோவில் வந்தாள். மடிக்கணினியில் அவள் முகம், பெரிய டிவியில் படம். மேடம் டிவிக்குப் பாதி முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். நான் பெரியவரின் அறை வாசலில் நாற்காலி போட்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

மேடத்துக்குச் சிறுவனாக இருந்த அப்பாவைத் தெரிந்தது. தாத்தா பாட்டியை ஒரு போட்டோவில் பார்த்திருந்ததால் அவர்களைச் சொன்னார். அத்தோடு தீர்ந்தது. "மற்றவர்களை அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரால் இனிப் பேச முடியாது. நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

"பரவாயில்லை. பெயர் தெரியவில்லை என்று எழுதிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது" என்றாள் அந்தப் பெண்.

தேநீர்த் தட்டோடு வந்த அக்கா அதை மேசையில் வைத்தாள்.

"மேடம், பேரு தெரியும்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு டிவி பக்கம் போனாள். படம் தொடக்கத்தில் நின்றிருந்தது, மணலும் நிழலும் மட்டும். அந்த நிழலைத் தொட்டுக் காட்டினாள். "இது சாமுவேல் மாமா. பல்லு டாக்டரு. இடது கைப் பழக்கம்." பிறகு ரிமோட்டை எடுத்தாள்.

அதை நான் எப்படிச் சொல்வது? அரைகுறை ஆங்கிலம்தான். நடுவில் தமிழும், முடிந்தது என்பதற்கு அரபியில் ஒரு கலாஸும் வந்து விழும். குளிரால் ஒடுங்கியிருந்தவள் எஸ்தர், பாட்டு வாத்தியாரைக் கட்ட ஆசைப்பட்டு வீட்டில் விடவில்லை. தொப்பி பறந்து ஓடுகிறவர் அவள் அண்ணன் தாவீது, சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். கேமராவைப் பார்த்துக் கையால் முகத்தை மறைப்பவள் ராகேல், முன்பல் ஒன்று கோணலாக இருந்ததால். துண்டோடு நிற்கிறவள் கோடலீவ், அப்பாவுக்கு மீன்வலை பின்னும் வேலை, ஆறு தங்கச்சிகள். கழுதை பீட். எண்பது வருடத்துக்கு முன் அந்த மணலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பெயரோடு எழுந்து வந்தார்கள். ஹட்டன் தேயிலைத் தோட்டத்துக்காரி ஒருத்தி கூப்பிடக் கூப்பிட வந்தார்கள். வேதாகமத்தில் உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்று எழுந்து நிற்கும் பகுதியைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அன்றுதான் அது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. வீடியோவில் இருந்த பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, தன் அறையில் இருந்த வேறு இருவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். மேடம் எப்போது டிவி பக்கம் திரும்பினார் என்று நான் கவனிக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தார்.

காகிதப் பூக் கடை வந்தது. கடைக்குப் பின்னால் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, நெற்றியில் முடி பறக்க, வாங்க வருபவர்களின் கிளிஞ்சலை முறைத்துப் பார்க்கிறாள். அக்கா படத்தை நிறுத்தினாள்.

"இவள்?" என்றார் மேடம்.

அக்கா பேசவில்லை. பெயர் தெரிந்தும் அவள் சொல்லாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நான் பார்த்தவரை, இந்த இடத்தில் மட்டும் அக்கா பெயர் கேட்டதே இல்லை. இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஒரு நிமிசம் மேடம்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி அறைக்குள் வந்தாள். கட்டிலருகே மண்டியிட்டாள். பெரியவர் விழித்துத்தான் இருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாத்தா," என்றாள், தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "மேடம் கேட்கிறாங்க. நீங்க சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் சொல்லட்டுமா? வேணாம்னா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுறேன்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அசையும் இடக்கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விட்டுவிட்டு, அவள் தோளில் கையை வைத்து, கூடத்தைப் பார்க்கத் தள்ளினார். பலமில்லாத தள்ளல். ஆனால் தள்ளல்தான்.

அக்கா எழுந்து போனாள்.

"மேடம், லேயா."

தன்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து மேடம், "சொல்" என்றார்.

"லேயா மேடம். இந்தப் புள்ள பேரு. தாத்தாவோட தங்கச்சி."

"என் அப்பாவுக்குத் தங்கை கிடையாது."

"இருந்தாங்க மேடம்."

மடிக்கணினியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் மெதுவாகக் கேட்டது. நாட்டைவிட்டு வதைமுகாமுக்கு ரயிலில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் பட்டியல் தன்னிடம் இருக்கிறது என்றாள். ராகேலின் பெயருக்கு அடுத்த வரியில் ஒரு லேயா, அதே முகவரி. வயது எட்டு.

மேடம் எழுந்து அக்காவுக்கு நேரே நின்றார். அவர் அவ்வளவு கோபமாக நின்று நான் பார்த்ததில்லை. "என் பெயர் யாரோ ஒரு சொந்தக்காரியின் பெயர் என்றார். அறுபது வருடம் என்னிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கிறார்."

அக்கா தலையைக் குனியவில்லை.

"ஒங்ககிட்டச் சொல்லாம இல்ல மேடம். ஒரு நாளைக்கு அம்பது தடவ லேயா, லேயான்னு கூப்புட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு."

மேடத்தின் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. டிவியைப் பார்த்தார். பிறகு, "ஏன் அவளுக்கு ஒரு காலில் ஷூ இல்லை?" என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். எத்தனையோ முறை பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

"அத தாத்தாதான் கப்பல் விடுறேன்னு கடல்ல விட்டுட்டாரு," என்றாள் அக்கா. "வீட்டுல கேட்டப்ப அந்தப் புள்ள, அலை வந்து எடுத்துட்டுப் போச்சுன்னு சொல்லிடுச்சாம். அடி அதுக்குத்தான் விழுந்துச்சு. அண்ணனக் காட்டிக் குடுக்கல. அத நெனச்சா அவருக்குத் தாங்காது மேடம். அதான் ஒங்ககிட்டச் சொல்ல முடியல."

மேடம் என்னைக் கடந்து அறைக்குள் போனார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுவார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

"அப்பா," என்றார் மேடம், "ஷூவைக் கடலில் விட்டது நீங்கள்தானாமே."

பெரியவரின் வாய் கோணியது. மறுபடியும் பக்கவாதம்தான் என்று பதறிப்போய் நான் நாடியைப் பிடித்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கரகரத்து, உடைந்து. அதன் பிறகு இன்னொன்று. தோள் குலுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக ஒரு சத்தமும் வராத தொண்டை. திருட்டு வெளிப்பட்ட சின்னப் பையன் சிரிப்பதுபோல், மூச்சு முட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மேடம் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டார். அழுதாரா, சிரித்தாரா, எனக்குத் தெரியவில்லை.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கூடத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தது. மடிக்கணினியில் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் பேசலாம், இன்று போதும்" என்றாள்.

"இல்லம்மா, இருங்க" என்றாள் அக்கா. அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்திராதவள், ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு மடிக்கணினிக்கு எதிரே உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்து, கடைக்குப் பின்னால் தூரத்தில், குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரைக் காட்டினாள்.

"எழுதிக்குங்க. இன்னும் ஆளு இருக்கு."